பெட்டகத்தில் உறங்கிய கட்டுரை: விக்டோரியா காலத்து றோயல் சொசைட்டியின் நிருவாகம் பற்றி ஒரு நோக்கு

1845ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் திகதி, இலண்டன் சமர்செட் மாளிகையில் இயங்கிவந்த றோயல் சொசைட்டிக்கு ஒரு கட்டுரை கிடைத்ததாகப் பதியப்பட்டது. எழுதியவர் ஜோன் ஜேம்ஸ் வோட்டர்ஸ்டன். 1811இல் ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரில் பிறந்தவர். 1839 முதல் பம்பாயில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கடற்படைப் பயிலுநர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து வந்த ஓர் ஆசிரியர்.

அக்கட்டுரை சொன்ன செய்தி இதுதான்: வாயு என்பது ஓயாது எல்லாத் திசைகளிலும் ஓடிக்கொண்டிருக்கும் எண்ணற்ற சிறு துணிக்கைகளின் திரள். அவை கொள்கலத்தின் சுவரில் மோதுவதே அமுக்கமாக வெளிப்படுகிறது. அத்துணிக்கைகளின் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததே வெப்பநிலை. வெவ்வேறு வாயுக்கள் கலந்து ஒரே வெப்பநிலையில் இருக்கும்போது, பாரமான துணிக்கை மெதுவாகவும் இலேசான துணிக்கை விரைவாகவும் ஓடி, சராசரிச் சக்தியில் இரண்டும் சமமாகிவிடுகின்றன. இன்று நமது உயர்தர வகுப்பு மாணவன் பௌதிகப் பாடத்தில் படிக்கின்ற விடயம்.

இக்கட்டுரை முழுமையாக அச்சில் வந்த ஆண்டு 1892. எழுதியவர் மறைந்து அப்போது 9 ஆண்டுகள் ஆகியிருந்தன. இடைப்பட்ட 46 ஆண்டுகளும் அது அதே சங்கத்தின் பெட்டகத்திலேயே பத்திரமாக இருந்தது. தீயில் எரியவில்லை, கறையான் தின்னவில்லை, யாரும் திருடவில்லை. விதிப்படி வந்து, விதிப்படி வாசிக்கப்பட்டு, விதிப்படி நிராகரிக்கப்பட்டு, விதிப்படி கோவைப்படுத்தப்பட்டது. இந்த விதிகள் எவை, அவற்றை யார் நடத்தினார்கள் என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

விஞ்ஞான வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கண்டுபிடிப்பாளரின் ஆய்வுகூடத்தோடு நின்றுவிடுகிறார்கள். செயலாளரின் மேசையை எட்டிப்பார்ப்பவர் குறைவு. எந்தக் கருத்து அச்சேறும், எந்தக் கருத்து பெட்டகத்துக்குப் போகும் என்பது பல வேளைகளில் அந்த மேசையிலேயே தீர்மானமாகியிருக்கிறது.

கனவான்களின் கழகம்

றோயல் சொசைட்டி 1660இல் தோன்றியது. 'பிலோசொபிக்கல் ட்ரான்ஸாக்ஷன்ஸ்' என்ற அதன் புகழ்பெற்ற சஞ்சிகை 1665இல் வெளிவரத் தொடங்கியது. ஆனால் அப்போது அது சங்கத்தின் சொத்தாக இருக்கவில்லை. செயலாளராக இருந்த ஹென்றி ஓல்டன்பேர்க் தமது சொந்தப் பொறுப்பில் நடத்திய ஏடு அது. 1752இலேயே சங்கம் அதனைத் தன் கையில் எடுத்துக் கட்டுரைக் குழு ஒன்றையும் அமைத்தது. எதனை அச்சிடுவது என்பதை இக்குழு வாக்கெடுத்துத் தீர்மானித்தது. அதே வேளை, கட்டுரைகளில் உள்ள கருத்துக்களுக்குச் சங்கம் பொறுப்பல்ல என்ற அறிவித்தலையும் தொகுதிகளின் முகப்பில் வெளியிட்டு வந்தார்கள். 'கட்டுரைகளில் உள்ள கருத்துக்களுக்கு ஆசிரியர்களே பொறுப்பு' என்று நமது சஞ்சிகைகள் போடுகின்ற வரிக்கு இவ்வளவு பழைய முன்னோடி உண்டு.

விக்டோரியா அரசி 1837இல் பட்டத்துக்கு வந்தார். அவ்வேளை சங்கத்தின் அங்கத்தவராவதற்கு விஞ்ஞானியாக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இருக்கவில்லை. பிரபுக்கள், படை அதிகாரிகள், மதகுருமார், செல்வந்தர் எனப் பலரும் உள்ளே இருந்தனர். 1830இல் தலைவர் பதவிக்கு நடந்த தேர்தலைப் பார்த்தாலே நிலைமை விளங்கும். வானியலாளர் ஜோன் ஹேர்ஷல் ஒரு பக்கம். மன்னரின் சகோதரரான சசெக்ஸ் கோமகன் மறுபக்கம். 119 வாக்குகளுக்கு 111 என்ற கணக்கில் கோமகன் வென்றார். கணிதமேதை சார்ள்ஸ் பபேஜ் அதே ஆண்டில் இங்கிலாந்தில் விஞ்ஞானம் வீழ்ச்சியடைவது பற்றி நூலொன்றை எழுதிச் சங்கத்தின் நிருவாகத்தைக் கடுமையாகச் சாடினார்.

அடுத்த பதினேழு ஆண்டுகள் இழுபறியில் கழிந்தன. 1845இல் வழங்கப்பட்ட ஒரு றோயல் பதக்கம் முறைப்படி வழங்கப்படவில்லை என்ற குற்றச்சாட்டு எழுந்து, செயலாளர் பீற்றர் மார்க் ரோஜேயின் தலையில் வந்து விழுந்தது. 1827 முதல் அப்பதவியில் இருந்த அவர் 1848இல் விலகினார். பின்னர் 1852இல் அவர் வெளியிட்ட ஆங்கிலச் சொற்களஞ்சியத்தாலேயே இன்று அவரது பெயர் நிலைத்திருக்கிறது. நிருவாகத்தில் பட்ட அடி அகராதித் துறைக்கு ஆதாயமாக முடிந்தது என்று சொல்லலாம்.

1847இல் வில்லியம் றொபேட் குரோவ் போன்றவர்களின் முயற்சியால் புதிய விதிகள் நிறைவேறின. வருடத்திற்கு 15 பேர் மட்டுமே சாதாரண அங்கத்தவராகத் தெரியப்படலாம். விண்ணப்பப் பத்திரத்தில் குறைந்தது 6 அங்கத்தவர்கள் கையொப்பமிட வேண்டும். அவர்களுள் மூவராவது விண்ணப்பதாரியை நேரில் அறிந்தவராக இருக்கவேண்டும். நிருவாக சபை 15 பெயர்களைத் தெரிந்து பரிந்துரைக்க, வருடத்தில் ஒரே நாளில் தேர்தல் நடைபெறும். கேட்பதற்குச் சிறிய விடயமாகத் தோன்றும் இந்த எண்ணிக்கைக் கட்டுப்பாடு ஒரு தலைமுறைக்குள் சங்கத்தின் முகத்தையே மாற்றியது. சந்தா கொடுத்துப் பெருமைக்காக இருந்தவர்கள் படிப்படியாகக் குறைந்தார்கள். ஆய்வு செய்பவர்கள் பெரும்பான்மையானார்கள்.

பணத்தடை மட்டும் தொடர்ந்தது. நுழைவுக் கட்டணம் 10 பவுண், வருடச் சந்தா 4 பவுண். வசதி குறைந்த ஆய்வாளருக்கு இது பெருந்தொகை. 1878இலேயே விசேட நிதியொன்றைத் திரட்டி நுழைவுக் கட்டணத்தை நீக்கி, சந்தாவை 3 பவுணாகக் குறைத்தார்கள்.

ஒரு கட்டுரையின் பயணம்

அங்கத்தவர் அல்லாத ஒருவர் தமது கட்டுரையை நேரே சங்கத்தில் சமர்ப்பிக்க முடியாது. அங்கத்தவர் ஒருவர் அதனைப் பொறுப்பேற்று முன்வைக்க வேண்டும். வோட்டர்ஸ்டனுக்காக அதனைச் செய்தவர் பிரான்ஸிஸ் போபோர்ட். காற்றின் வேகத்தை அளக்கும் போபோர்ட் அளவுத்திட்டத்தை வகுத்தவர் இவரே. பம்பாய்க்குப் போகுமுன் வோட்டர்ஸ்டன் இவருக்குக் கீழே கடற்படை வரைபடத் திணைக்களத்தில் வேலை பார்த்தவர்.

கட்டுரை வந்ததும் திகதி பதியப்படும். இந்தத் திகதிக்குப் பெரும் மதிப்பு உண்டு. ஒரே கருத்தை இருவர் உரிமைகோரும்போது யார் முந்தியவர் என்பதற்கு அதுவே சாட்சி. அடுத்து, வியாழக்கிழமை மாலை நடக்கும் கூட்டத்தில் கட்டுரை வாசிக்கப்படும். எழுதியவர் வாசிப்பதில்லை, செயலாளரே வாசிப்பார், பெரும்பாலும் சுருக்கமாக. சுருக்கம் 'புரொசீடிங்ஸ்' என்ற இன்னொரு வெளியீட்டில் வரும். முழுக்கட்டுரையையும் 'ட்ரான்ஸாக்ஷன்ஸ்' சஞ்சிகையில் அச்சிடுவதா என்பது கட்டுரைக் குழுவின் முடிவு.

அந்த முடிவுக்கு உதவியாக, துறைசார்ந்தவர்களிடம் எழுத்துமூல அபிப்பிராயம் பெறும் வழக்கம் 1832 அளவில் உருவானது. இன்று உலகெங்கும் ஆய்வுச் சஞ்சிகைகள் கைக்கொள்ளும் மதிப்பீட்டு முறைக்கு இது ஒரு முக்கிய ஊற்று. வானியலாளர் ஜோர்ஜ் எயரியின் கட்டுரையே ஆரம்பத்தில் இவ்வாறு அனுப்பப்பட்டவற்றுள் ஒன்று. மதிப்பிட்டவர்கள் வில்லியம் ஹியூவெலும் ஜோன் வில்லியம் லுபொக்கும். முதலாமவர் கட்டுரையின் பெருமையை எடுத்துச்சொல்ல விரும்பினார். இரண்டாமவர் கணக்கில் குறை கண்டார். தொடக்கத்திலேயே இரண்டு மதிப்பீட்டாளர்கள் ஒத்துப்போகவில்லை.

ஆரம்பத்தில் இந்த அறிக்கைகளை வெளியிடுவது என்றே எண்ணம் இருந்தது. விரைவில் அது கைவிடப்பட்டு, இரகசியமாக வைத்திருக்கும் வழமை நிலைத்தது. ஆசிரியருக்குத் தம்மை எடைபோட்டவர் யாரென்று உத்தியோகபூர்வமாகச் சொல்லப்படுவதில்லை.

இவ்விடத்தில் நமது அறிவு மரபு நினைவுக்கு வராமல் இராது. ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர்களை எடைபோடும் 'ஜர்ஹ் வ தஃதீல்' என்ற துறையில் இமாம் யஹ்யா இப்னு மஈன் போன்றோர் ஒருவரை நம்பகமானவர் என்றோ பலவீனமானவர் என்றோ சொன்னால், அத்தீர்ப்பு தீர்ப்பளித்தவரின் பெயரோடேயே பதியப்பட்டது. பின்வந்தவர்கள் தீர்ப்பளித்தவரையும் எடைபோட்டார்கள். இமாம் தஹபீ, விமர்சகர்களையே கடுமையானவர், இளகியவர், நடுநிலையானவர் என்று வகைப்படுத்திக் காட்டினார். எடைபோடுபவரின் பெயர் வெளியே தெரிந்ததால் இது சாத்தியமாயிற்று. பெயரை மறைத்துவைப்பதற்கும் காரணம் உண்டு: பகைக்கு அஞ்சாமல் உண்மையைச் சொல்லலாம். ஆனால் தவறாகச் சொன்னாலும் பதில் சொல்லவேண்டியதில்லை என்ற நிலையும் அதனோடு சேர்ந்தே வருகிறது.

பம்பாய் ஆசிரியருக்கு நேர்ந்தது

வோட்டர்ஸ்டனின் கட்டுரை இருவரிடம் போனது. ஒருவர் முன்னர் எயரியின் கட்டுரையை மதிப்பிட்ட அதே லுபொக். அவர் ஒரு வங்கியாளர், வானியலாளர், நீண்டகாலம் சங்கத்தின் பொருளாளராக இருந்தவர். மற்றவர் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் கேத்திரகணிதப் பேராசிரியர் பேடன் பவல். சாரணர் இயக்கத்தைத் தொடங்கியவரின் தந்தை.

லுபொக் இரண்டு வரியில் முடித்துவிட்டார். இது வெறும் பிதற்றல், சங்கத்தின் முன்னிலையில் வாசிக்கக்கூடத் தகுதியற்றது என்பது அவரது தீர்ப்பு. பவல் சற்று நிதானமாக எழுதினார். கணக்கு வேலையில் திறமை இருப்பதை ஒப்புக்கொண்டார். ஆனால் அடிப்படையே ஊகம், ஏற்பது கடினம் என்றார்.

அன்றைய நிலையில் பவலின் தயக்கத்தை விளங்கிக்கொள்ளலாம். வெப்பம் என்பது ஒருவகைப் பாய்பொருள் என்ற எண்ணம் முற்றாக மறைந்திராத காலம் அது. வாயுத் துணிக்கைகள் தமக்கிடையே ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிலையாக நிற்கின்றன என்றே பலரும் கருதினர். எல்லாம் ஓடித்திரிகின்றன என்று எங்கோ பம்பாயிலிருந்து ஒருவர் எழுதினால் யார்தான் உடனே நம்புவார்?

1846 மார்ச் 5ஆம் திகதி கட்டுரை கூட்டத்தில் வாசிக்கப்பட்டது. அவ்வருடம் சிறு சுருக்கம் ஒன்று வெளியானது. முழுக்கட்டுரை அச்சேறவில்லை.

இங்கேதான் இன்னொரு விதி குறுக்கிட்டது. சங்கத்தில் வாசிக்கப்பட்ட கட்டுரை சங்கத்தின் சொத்து. அச்சிடாவிட்டாலும் ஆசிரியருக்குத் திருப்பிக் கொடுக்கமாட்டார்கள், பெட்டகத்தில் வைத்துவிடுவார்கள். வோட்டர்ஸ்டன் தம்மிடம் பிரதி எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. ஆகவே வேறு சஞ்சிகைக்கு அனுப்பவும் வழியில்லாமற் போயிற்று. 1851இல் பிரித்தானிய விஞ்ஞான முன்னேற்றச் சங்கத்தின் இப்ஸ்விச் மாநாட்டில் தமது கொள்கையைச் சுருக்கமாகத் தெரிவித்தார். எவரும் கவனிக்கவில்லை. 1857இல் தாயகம் திரும்பி எடின்பரோவில் தனியாக வாழ்ந்து ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். 1883 ஜூன் 18ஆம் திகதி வீட்டைவிட்டு வெளியே போனவர் திரும்பி வரவில்லை. நீரில் தவறி விழுந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது.

இடையில் நடந்ததைக் கவனியுங்கள். 1857இல் ஜேர்மனியைச் சேர்ந்த கிளவுசியஸ் இதே வழியில் எழுதினார். 1860இல் ஜேம்ஸ் கிளார்க் மெக்ஸ்வெல் இக்கொள்கையை மேலும் வளர்த்தார். 1866இல் மெக்ஸ்வெல்லின் வாயுக் கொள்கை பற்றிய பெரிய கட்டுரை றோயல் சொசைட்டியிலேயே வாசிக்கப்பட்டு, 1867இல் அதன் சஞ்சிகையிலேயே அச்சாயிற்று. சங்கம் 1857இல் சமர்செட் மாளிகையிலிருந்து பேர்ளிங்டன் மாளிகைக்கு இடம்மாறியிருந்தது. அதே சங்கத்தின் பெட்டகத்தில் இருபது வருடங்களுக்கு முன் எழுதப்பட்ட வோட்டர்ஸ்டனின் கையெழுத்துப் பிரதி கிடந்தது. யாரும் அதனைத் திறந்து பார்க்கவில்லை.

செயலாளரின் மேசை

இந்த நிருவாகத்தை நடத்தியவர்கள் யார்? சங்கத்திற்கு இரண்டு செயலாளர்கள். ஒருவர் பௌதிக, கணிதத் துறைகளுக்கு. மற்றவர் உயிரியல் துறைகளுக்கு. விக்டோரியா காலத்தின் பெரும்பகுதியில் முதலாவது மேசையில் இருந்தவர் கேம்பிறிட்ஜ் பேராசிரியர் ஜோர்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ். 1854 முதல் 1885 வரை 31 ஆண்டுகள் செயலாளர். பின் 1890 வரை தலைவர். பாய்பொருள் இயக்கவியலில் இன்றும் அவரது பெயரால் சமன்பாடுகள் வழங்குகின்றன.

கட்டுரைகளை யாரிடம் அனுப்புவது என்று தெரிவது, நினைவூட்டல் எழுதுவது, மதிப்பீட்டாளரின் குறைகளை ஆசிரியருக்கு மனம் நோகாமல் எடுத்துச்சொல்வது, திருத்தம் பெறுவது, அச்சுப்படி பார்ப்பது என்று ஸ்டோக்ஸ் ஆயிரக்கணக்கான கடிதங்களை எழுதினார். மெக்ஸ்வெல் 1864இல் சமர்ப்பித்த மின்காந்தக் கொள்கைக் கட்டுரையை மதிப்பிட வில்லியம் தொம்ஸனுக்கு அனுப்பியதும் இந்த மேசையிலிருந்தே. ஸ்டோக்ஸ் தமது சொந்த ஆய்வை ஓரமாக வைத்துவிட்டுப் பிறர் கட்டுரைகளுக்கு உழைத்தார் என்று அவருடைய நண்பர்கள் வருந்தியதுண்டு. அவர் செய்த மாற்றம் ஒன்று முக்கியமானது: மதிப்பீடு வெறுமனே 'ஏற்பு', 'மறுப்பு' என்ற தீர்ப்பாக நில்லாமல், கட்டுரையைச் செம்மைப்படுத்தும் உரையாடலாக வளர்ந்தது. 1845இல் இப்படியொரு செயலாளர் இருந்திருந்தால் பம்பாய்க்கு ஒரு கடிதமாவது போயிருக்கும்.

செயலாளர்கள் கௌரவப் பதவியினர். நாளாந்த வேலையைச் செய்தவர் சம்பளம் பெறும் உதவிச் செயலாளர். அவர்களுள் வோல்டர் வைட் என்பவர் குறிப்பிடத்தக்கவர். வீட்டுத் தளபாடம் செய்யும் தச்சுத் தொழிலாளி அவர். 1844இல் நூலகத்தில் சாதாரண ஊழியராகச் சேர்ந்து, தாமாகப் படித்து முன்னேறி, 1861இல் உதவிச் செயலாளராகி 1885 வரை பணிபுரிந்தார். 1800 முதல் உலகின் சஞ்சிகைகளில் வெளிவந்த விஞ்ஞானக் கட்டுரைகளைத் தேடித்தொகுத்த மாபெரும் பட்டியலின் முதலாம் தொகுதி 1867இல் வெளிவந்தது. அவ்வேலையின் மேற்பார்வையும் இவர் தோளில் இருந்தது. 1850 முதல் அரசாங்கம் ஆராய்ச்சிக்காக வருடந்தோறும் வழங்கிய 1000 பவுண் நிதியைப் பங்கிடும் பொறுப்பும் சங்கத்திடமே இருந்தது. கணக்கு, கோவை, கடிதம், அச்சகம் எல்லாம் சேர்ந்தால்தான் ஓர் அறிவுச் சங்கம் என்பதை வைட் போன்றவர்களின் வாழ்க்கை காட்டுகிறது.

கூட்டறிக்கையின் வலிமையைக் காட்ட ஒரு சம்பவம் போதும். 1864இல் சங்கத்தின் அதியுயர் விருதான கொப்லி பதக்கம் சார்ள்ஸ் டார்வினுக்கு வழங்கப்பட்டது. அவருடைய கொள்கையை நாம் ஏற்கிறோமா இல்லையா என்பது வேறு விடயம். நவம்பர் 30ஆம் திகதி ஆண்டுக் கூட்டத்தில் தலைவர் எட்வேர்ட் சபீன், விருது வழங்கும்போது டார்வினின் 1859ஆம் ஆண்டு நூலைத் தாம் வெளிப்படையாகவே கருத்தில் எடுக்காது விட்டதாகப் பொருள்படப் பேசினார். உடனே தோமஸ் ஹக்ஸ்லி எழுந்து, நிருவாக சபையின் கூட்டறிக்கையை வாசிக்கும்படி கேட்டார். வாசித்தபோது அப்படியொரு தீர்மானம் அதில் இல்லை. உரை அச்சில் வந்தபோது அந்த வாசகம் மாற்றப்பட்டிருந்தது. தலைவரின் வாயை விடக் கூட்டறிக்கைப் புத்தகத்துக்கு அதிகாரம் கூட என்பது அன்று நிரூபணமாயிற்று.

அதே ஹக்ஸ்லி அவ்வருடமே ஒன்பது நண்பர்கள் சேர்ந்த 'எக்ஸ் கழகம்' என்ற விருந்துக் குழுவில் இணைந்தார். லுபொக்கின் மகனும் அதில் ஒருவர். மாதத்திற்கு ஒருமுறை கூடி உணவருந்தினார்கள். 1873 முதல் 1885 வரை தலைவர் பதவியை வகித்த ஹூக்கர், ஸ்பொட்டிஸ்வூட், ஹக்ஸ்லி மூவரும் இக்குழுவினரே. விதிகள் எவ்வளவு செம்மையாக இருந்தாலும் விருந்து மேசை தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது.

வாசலுக்கு வெளியே

யார் உள்ளே வரலாம் என்பதும் நிருவாகக் கேள்விதான். பம்பாயின் பார்சிக் கப்பல் பொறியியலாளர் அர்தசீர் கர்செட்ஜி 1841இல் அங்கத்தவராகத் தெரியப்பட்டார். அந்த மரியாதையைப் பெற்ற முதல் இந்தியர் அவர். அடுத்தவர் தமிழரான கணிதமேதை இராமானுஜன், ஆண்டு 1918. இடைவெளி 77 ஆண்டுகள்.

பெண்களின் நிலை இதிலும் மோசம். மேரி சமர்வில்லின் ஆய்வு 1826இல் அவருடைய கணவர் மூலமே சங்கத்துக்கு வந்தது. பின்னர் அவரது மார்பளவுச் சிலையைச் செய்வித்துச் சங்க மண்டபத்தில் வைத்தார்கள். சிலைக்கு உள்ளே இடம் கிடைத்தது. அந்தப் பெண்ணுக்கு அங்கத்துவம் கிடைக்கவில்லை. விக்டோரியா அரசி மறைந்த அடுத்த வருடம், 1902இல், ஹேர்தா அயர்டனின் பெயர் முன்மொழியப்பட்டபோது, திருமணமான பெண்ணுக்குச் சட்டப்படி அதற்குத் தகுதியில்லை என்று சட்ட அபிப்பிராயம் பெறப்பட்டு விண்ணப்பம் தள்ளப்பட்டது. முதலாவது பெண் அங்கத்தவர்கள் தெரியப்பட்டது 1945இல்.

சங்கத்தின் இலட்சினையில் உள்ள இலத்தீன் வாசகத்தின் பொருள், எவருடைய சொல்லையும் சொன்னவருக்காக ஏற்காதே என்பதாகும். பதவியும் பட்டமும் சான்றாகா, பரிசோதனையே சான்று என்பது அதன் கருத்து. ஆனால் வோட்டர்ஸ்டன் விடயத்தில் லுபொக் என்ற பெரியவரின் சொல்லே சான்றாகிவிட்டது.

பெட்டகம் திறந்தபோது

1885இல் ஸ்டோக்ஸின் இடத்துக்குச் செயலாளராக வந்தவர் ரேலி பிரபு. ஒலியியலில் பேரறிஞர். வோட்டர்ஸ்டன் 1858இல் ஒலி பற்றி எழுதிய கட்டுரையொன்றில் தமது பழைய கட்டுரை றோயல் சொசைட்டியின் பெட்டகத்தில் இருப்பதாகக் குறிப்பிட்டிருந்தார். அக்குறிப்பைக் கண்ட ரேலி 1891இல் கையெழுத்துப் பிரதியைத் தேடியெடுத்தார். வாசித்ததும் அதன் பெறுமதி விளங்கியது. 1892இல் தமது முன்னுரையோடு 'ட்ரான்ஸாக்ஷன்ஸ்' சஞ்சிகையில் முழுமையாக அச்சிட்டார்.

அம்முன்னுரை நேர்மையானது. கட்டுரையை அன்று அச்சிடாமல் விட்டதால் இத்துறையின் வளர்ச்சி பத்துப் பதினைந்து ஆண்டுகள் பின்தள்ளப்பட்டிருக்கலாம் என்று ஒப்புக்கொண்டார். பழைய அறிக்கையில் இருந்த 'பிதற்றல்' என்ற தீர்ப்பையும் மறைக்காமல் எடுத்துக்காட்டினார். ஆனால் மதிப்பீட்டாளர் பெயர்களை அங்கும் சொல்லவில்லை. இறுதியில், இளம் ஆசிரியர்கள் முதலில் சிறிய, எளிதில் எடைபோடக்கூடிய வேலைகளைச் செய்து நற்பெயர் எடுத்தபின் பெரிய பறத்தலுக்குத் துணிவதே நல்லது என்று அறிவுரையும் சொன்னார். அறிவுரை நடைமுறைக்கு உகந்ததுதான். எனினும் பிழை சங்கத்தினுடையதாக இருக்க, புத்திமதி எழுதுபவனுக்குப் போவது மனதை உறுத்துகிறது.

ஆனாலும் ஒன்றைச் சொல்லவேண்டும். கையெழுத்துப் பிரதியைத் திருப்பிக் கொடுக்காத அதே விதிதான் வோட்டர்ஸ்டனின் கையைக் கட்டியது. அதே விதிதான் 46 ஆண்டுகளின் பின் அவருக்கு நீதியும் பெற்றுக்கொடுத்தது. நிராகரித்ததையும் நிராகரித்த காரணத்தையும் கோவையில் வைத்திருந்தார்கள். அதனாலேயே தவறு பின்னொரு நாளில் தவறாகத் தெரிந்தது.

நமது பக்கம்

இத்தகைய சங்க அமைப்பு கடல்கடந்து இலங்கைக்கும் வந்தது. வோட்டர்ஸ்டன் கட்டுரை அனுப்பிய அதே 1845இல் கொழும்பில் றோயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளை தோன்றியது. அது வேறொரு தாய்ச் சங்கத்தின் கிளை. எனினும் கூட்டம், வாசிப்பு, கூட்டறிக்கை, சஞ்சிகை என்ற நடைமுறை ஒன்றுதான்.

1888இல் அக்கிளையின் கூட்டத்தில் பொன்னம்பலம் இராமநாதன் இலங்கைச் சோனகரின் இனவரலாறு பற்றிக் கட்டுரை வாசித்தார். சோனகர் இனத்தால் தமிழரே என்பது அதன் வாதம். சட்டநிரூபண சபையில் முஸ்லிம்களுக்குத் தனிப் பிரதிநிதித்துவம் கேட்கப்பட்டு வந்த காலம் அது; 1889இல் எம்.சி. அப்துல் ரஹ்மான் முதலாவது முஸ்லிம் அங்கத்தவராக நியமனம் பெற்றார். கட்டுரை கழகத்தின் சஞ்சிகையில் அச்சேறியது. அதற்கு ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் விரிவாக எழுதிய மறுப்பு 1907இல் தனி நூலாகக் கொழும்பில் வெளிவந்தது. இடையில் 19 ஆண்டுகள்.

இரண்டு வாதங்களில் எது சரி என்பதை இங்கு நான் ஆராயவில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்கலாம். சஞ்சிகையில் ஏறிய கட்டுரை உலகின் நூலகங்களுக்குச் சென்று மேற்கோள் காட்டப்படும் ஆவணமாகியது. மறுப்பு அதற்கு வெளியே, சமூகத்தின் சொந்த முயற்சியால் அச்சேற வேண்டியிருந்தது. அப்துல் அஸீஸ் அதனை ஒரு கூட்டத்தில் பேசிவிட்டு விட்டிருந்தால் இன்று நமக்கு அவருடைய வாதம் கிடைத்திராது. நூலாக்கியதனாலேயே ஆய்வாளர்கள் இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கிறார்கள்.

நமது ஊர்களில் இலக்கிய வட்டங்களும் வாசகர் சங்கங்களும் நலன்புரி அமைப்புக்களும் நிறையத் தோன்றின. பல மறைந்தும் போயின. அவற்றின் கூட்டறிக்கைப் புத்தகங்கள் எத்தனை எஞ்சியுள்ளன? யார் என்ன பிரேரித்தார், யார் ஆமோதித்தார், எந்தக் கவிதை வாசிக்கப்பட்டது, எந்தக் கட்டுரை ஏன் ஏற்கப்படவில்லை என்பது எங்கே இருக்கிறது? செயலாளர் வீடு மாறும்போது புத்தகமும் மாறிவிடுகிறது. அவர் மௌத்தான பின் பழைய தாளோடு தாளாகப் போய்விடுகிறது. அரபுத்தமிழ் ஏடுகள் பல அழிந்தது பற்றி நாம் அடிக்கடி கவலைப்படுகிறோம். நமது காலத்தின் பதிவுகளும் அதே வழியில் போய்க்கொண்டிருப்பதைப் பற்றி அவ்வளவு பேசுவதில்லை.

இதற்குப் பெரிய மாளிகையோ அரச மானியமோ தேவையில்லை. ஒற்றை றூள் கொப்பி ஒன்றும், வந்த கட்டுரைக்குத் திகதி இடும் பழக்கமும், ஏற்காவிட்டால் காரணத்தை இரண்டு வரியில் எழுதிப் பெயரையும் போடும் துணிவும், சங்கம் கலையும்போது கோவைகளைப் பொது நூலகம் ஒன்றில் ஒப்படைக்கும் பொறுப்பும் போதும். பிரதி ஒன்றை எழுதியவரிடமே இருக்கவிடுவது இன்னும் நல்லது. நமக்கு இன்று விளங்காத ஓர் எழுத்தை அடுத்த தலைமுறையில் ஒருவர் திறந்து பார்க்கக்கூடும். அவர் தேடி வரும்போது பெட்டகத்தில் ஏதாவது இருக்கவேண்டும்.